படுத்து வந்த குண்டு

ஒரு கொலை வழக்கின் முக்கியமான தடயத்தின் மேல் காபி இயந்திரத்தை ஏற்றி வைத்திருந்தார் ஷெரீஃப் வெண்டல் ப்ராட்.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் தனியார் துப்பறிவாளர் ஹெஸ்டர் க்வேலின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். குதிரையின் இரு பக்கமும் சாமான் கட்டித் தொங்கவிடும் மரப்பெட்டி. அதன் அடிப்பலகையில் ஒரு துளை. போன வாரம் மலை முகாமில் இந்தப் பெட்டியைத் தோளில் தூக்கிப் போய்க்கொண்டிருந்த குதிரைக்காரன் கஸ் லாம்ப்ரெக்ட், அந்தத் துளை வழியாக வந்த குண்டில் செத்தான். பெட்டியைத் துளைத்து, அவன் கழுத்தைத் துளைத்து, குண்டு சரிவில் எங்கோ புதைந்துகொண்டது. கிடைக்கவில்லை. ஒழுங்காகத் தேடினார்களா என்று கேட்டால் ஷெரீஃபுக்குக் கோபம் வரும்.

"தடயத்து மேல பால் சிந்துது ஷெரீஃப்," என்றான் டூலி. ஹெஸ்டரின் உதவியாளன். முன்பு ரோடியோ என்கிற காளைச் சவாரித் திடல்களில் கோமாளி வேஷம் போட்டுக் காளைகளைத் திசை திருப்பியவன். இப்போது அதே வேலையை வேஷம் இல்லாமல் செய்கிறான்.

"பெட்டியா சுட்டுச்சு? சுட்டவன் உள்ள இருக்கான்," என்று பின்பக்கக் கம்பிக் கூண்டைக் காட்டினார் ப்ராட்.

கூண்டுக்குள் ஆர்வில் டெகார்ட். வயோமிங் மாநிலத்தின் இந்த மூலையில் எல்க் மான் வேட்டைக்கு வழிகாட்டியாகப் போகிறவர்களில் வாய் அதிகம் உள்ளவன். ஹெஸ்டர் வனவிலங்குக் காவலராக இருந்த காலத்தில் அவனுக்கு இரண்டு முறை அபராதம் போட்டிருக்கிறாள். அதனாலேயே அவளைத் துப்பறியக் கூப்பிட்டிருந்தான். தெரிந்த எதிரி பரவாயில்லை என்று நினைத்திருக்கலாம்.

வழக்கு ஒரே வரி. முகாமில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் இரண்டு பேர்: ஆர்வில், அவனுடைய வாடிக்கையாளர் கார்லைல் வென்ட். அன்று காலை பள்ளத்தாக்கில் கேட்டது ஒரே வெடி. சுட்டது வென்ட் என்கிறான் ஆர்வில். சுட்டது ஆர்வில் என்கிறார் வென்ட். முந்தின நாள் சாயங்காலம் குதிரைகளைச் சரியாகக் கட்டாமல் ஓடவிட்டதற்காக கஸ்ஸைப் பார்த்து, "இன்னொரு தடவை விட்டே, உன்னைச் சுட்டுப் புதைச்சிருவேன்" என்று ஆர்வில் கத்தியது முகாம் முழுக்கக் கேட்டது. ஷெரீஃபுக்கு அது போதும். ஆர்வில்லை அன்றே கூண்டில் போட்டார். வென்ட்டிடம், சௌகரியப்படும்போது துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். வென்ட்டுக்கு இன்று காலைதான் சௌகரியப்பட்டது.

நாளை காலை ஆர்வில் மேல் கொலைக் குற்றம் பதிவாகும். பதிவானால் மீதி ஆயுள் சுவருக்குள்.

வென்ட் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அரிசோனாவில் நீச்சல்குளம் கட்டும் கம்பெனி முதலாளி. தலையில் கௌபாய் தொப்பி. அது எந்த மாட்டையும் பார்த்ததில்லை. எதிரே மேஜையில், அதிக மருந்துத் தோட்டா போடுகிற அவருடைய மேக்னம் துப்பாக்கி.

"மிஸ் க்வேல், தாராளமா தொட்டுப் பாருங்க," என்றார். "இந்த ஊர்ல இது மாதிரி பார்த்திருக்க மாட்டீங்க."

"தொடறேன். முதல்ல இதைத் தொடுவோம்," என்று காபி இயந்திரத்தைத் தூக்கி ஷெரீஃபின் மடியருகே வைத்துவிட்டுப் பெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள் ஹெஸ்டர். "ஷெரீஃப், இந்த ஓட்டை எப்படி இருக்கு?"

"ஓட்டை மாதிரி இருக்கு."

"குண்டு மூக்கை நீட்டிக்கிட்டு வந்தா வட்டமா துளை விழும். இது வட்டமா? ஒரு பக்கம் கூர், ஒரு பக்கம் மழுங்கல். முழுக் குண்டோட பக்கவாட்டு உருவம். குண்டு படுத்துக்கிட்டே வந்திருக்கு."

"கிளையில பட்டிருக்கும்."

"அங்க கிளை எங்க இருக்கு? முழங்கால் உயரப் புல்வெளி. குண்டு சுத்தறதால நேரா போகுது. பம்பரம் மாதிரி. வேகமா சுத்தினா நிக்கும், சுத்து பத்தலைன்னா தள்ளாடிப் படுக்கும். அந்தச் சுத்தைக் கொடுக்கறது குழலுக்குள்ள வெட்டியிருக்கற முறுக்கு. எட்டு அங்குலத்துக்கு ஒரு சுத்துன்னா வேகம். பத்துக்கு ஒண்ணுன்னா மெதுவு. குட்டைக் குண்டுக்குப் பத்து போதும். நீளக் குண்டுக்கு எட்டு வேணும். இந்த உருவத்தைப் பாருங்க, எவ்வளவு நீளம். ஈயத்தைவிட லேசான செம்புல முழுசா செஞ்ச, அதனாலேயே நீளமான புது ஃபேஷன் குண்டு. இந்த முகாம்ல இதை வாங்கினவரு யாரு?"

"நான்," என்றார் வென்ட் பெருமையாக. "சந்தையில அதைவிட உசத்தி கிடையாது."

"அப்ப அவரு துப்பாக்கிக் குழல்ல என்ன பொறிச்சிருக்குன்னு படிங்க ஷெரீஃப். பத்துன்னு இருக்கும்."

ப்ராட் கண்ணாடியை மாட்டிக் குனிந்தார். நிதானமாகப் படித்தார். நிமிர்ந்தபோது முகத்தில் பண்டிகைக் களை.

"எட்டு."

ஹெஸ்டர் குனிந்து பார்த்தாள். எட்டுதான். இருபத்தாறு அங்குலக் குழல், எட்டுக்கு ஒரு சுற்று. பாடப் புத்தகம் எழுதுகிறவன் தேர்ந்தெடுத்த மாதிரி. இந்தக் குழலிலிருந்து அந்தக் குண்டு படுத்துப் போகவே போகாது.

ஷெரீஃப் அலமாரியைத் திறந்து ஆர்வில்லின் பழைய மேக்னத்தை எடுத்தார். வருஷக்கணக்கில் துடைக்காத துப்பாக்கி. புரட்டிப் பார்த்தார்.

"பத்து," என்றார். "மிஸ்டர் வென்ட், உங்க குண்டுல கொஞ்சம் ஆர்வில்லுக்குக் கொடுத்தீங்களா?"

"மலை ஏறின அன்னிக்கே டிப்ஸா ஒரு கைப்பிடி கொடுத்தேன். சந்தோஷமா வாங்கிக்கிட்டான்."

"டிப்ஸா தோட்டா கொடுத்தா எவன்டா சந்தோஷப்படுவான்!" கூண்டிலிருந்து கத்தினான் ஆர்வில். "சேணப் பையில போட்டேன், பாதி வழியிலேயே கொட்டிருச்சு! ஹெஸ்டர், நீ என் பக்கம்தானா? இல்ல பழைய அபராதப் பாக்கி எதாவது இருக்கா?"

"ரொம்ப நன்றி மேடம்," என்றார் ப்ராட். "அரசாங்க வக்கீல் தலைகீழா நின்னாலும் இவ்வளவு தெளிவா விளக்கியிருக்க மாட்டாரு. பம்பரம்! அதை நாளைக்கு நானே சொல்லிக்கறேன்."

ஹெஸ்டர் பெட்டியைக் கீழே வைத்தாள். வென்ட்டைப் பார்த்தாள்.

"இவ்வளவு நீளத் துப்பாக்கியைக் குதிரையில எப்படி எடுத்துட்டுப் போனீங்க?"

"தோல் உறை. ஆர்டர் கொடுத்து செஞ்சது. என் பேரு பொறிச்சது. சேணத்தோட ஆர்வில் லாயத்துலதான் கிடக்கு. அனுப்பி வைக்கச் சொல்லியிருக்கேன், இந்த ஊர் தபால் எப்பக் கொண்டு வருமோ. மத்தியானம் எனக்கு ஃப்ளைட்."

"கண்ணா இருந்து அனுப்பி வைக்கிறேன்," என்றாள் ஹெஸ்டர்.

*

"பாஸ், தப்பா நினைக்காதீங்க," என்றான் டூலி, காரில். மாட்டிறைச்சி வற்றலை மென்றுகொண்டே பேசினான். "ரோடியோல ஒரு தடவை காளையை என் பக்கம் இழுக்கறதுக்குப் பதிலா, விழுந்து கிடந்தவன் பக்கமே அனுப்பிட்டேன். இன்னிக்குத்தான் அதைவிட மோசமா ஒண்ணு பார்த்தேன்."

"வாயில இருக்கறதை முழுங்கிட்டுப் பேசு."

ஆர்வில்லின் லாயத்தில் சேணம் கம்பத்தில் தொங்கியது. அதோடு தோல் உறை. வென்ட்டின் பெயர் உறையைவிடப் பெரிதாக இருந்தது. ஓரங்களில் பூவேலை. அடிப்பக்கத்தைப் பித்தளை மூடி போட்டுத் தைத்திருந்தார்கள்.

ஹெஸ்டர் உள்ளே டார்ச் அடித்தாள். அடியில், குழலின் வாய் உரசி உரசி ஒரு கறுப்பு வட்டம். டேப்பை விட்டு அளந்தாள். இன்னொரு முறை அளந்தாள்.

"இருபது அங்குலக் குழல் போட்ட துப்பாக்கி இதுல கச்சிதமா உக்காரும்," என்றாள்.

டூலி மெல்லுவதை நிறுத்தினான். "அவரு காட்டினது இருபத்தாறு. மீதி ஆறு அங்குலத்தைச் சட்டைப் பையில வச்சிருந்தாரா?"

"காட்டினது இதுல போன துப்பாக்கி இல்ல. இல்லைன்னா துப்பாக்கி அதே, குழல் வேற. துப்பாக்கியோட மரக்கட்டை முழுக்கக் குதிரைப் பயணத்துல விழுந்த கீறல் இருந்தது. குழல்ல ஒரு கீறல்கூட இல்ல. அங்கேயே கவனிச்சிருக்கணும். பெட்டியைக் காட்டிப் பெருமை அடிச்சுக்கிட்டிருந்தேன்."

"இந்த ஊர்ல குழல் மாத்தறவன் ஒருத்தன்தான்."

"அவன் வாயைத் திறக்க மாட்டான். அதுக்கு ஒரு முட்டாள் பணக்காரன் வேணும்."

டூலி தன் கிழிந்த ஜாக்கெட்டைக் குனிந்து பார்த்தான். "பாதி இருக்கு," என்றான்.

*

லொனி ஸ்ட்ராட்டின் துப்பாக்கிப் பட்டறையில் இரண்டு விதமான மனிதர்களுக்கு மரியாதை உண்டு. பணம் உள்ளவர்கள், பணம் உள்ளவர்களைப்போல் பேசுகிறவர்கள். ஹெஸ்டரின் தோல் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனான் டூலி. ஹெஸ்டர் கதவருகே கையுறை விலை பார்ப்பவளைப்போல் நின்றாள். லொனி சமீபத்தில்தான் இந்த ஊருக்கு வந்தவன். அவளைத் தெரியாது.

"மேக்னம் வேணும்," என்றான் டூலி. "இருக்கறதுலயே பெரிய மேக்னம். ஆனா குழல் குட்டையா இருக்கணும். நீளமா இருந்தா போட்டோவுல நல்லா இல்ல."

"அருமையான யோசனை சார்," என்றான் லொனி.

"இருபது அங்குலம். சரி வருமா?"

"ஏன் வராது? மேக்னம் தோட்டாவுல மருந்து நிறைய. எரிஞ்சு முடிய நீளம் வேணும். இருபதுல பாதி மருந்து வெளியில வந்து எரியும். தீபாவளி மாதிரி இருக்கும்னு எங்கிட்ட வெல்டிங் கத்துக்க வந்த இந்தியாக்காரன் சொல்லுவான். மான் சாகுதோ இல்லையோ, குளிர் காயும்." அவன் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். "வேகமும் போயிரும். அவ்வளவு காசு கொடுத்து மேக்னம் வாங்கி, சாதாரணத் துப்பாக்கி வேகத்துல சுடலாம்."

"நான் அதெல்லாம் கேக்கலையே."

"யாருமே கேக்கறதில்ல சார். நானும் சொல்றதில்ல. கேட்டதை மாட்டிக் கொடுக்கறதுதான் என் தொழில். முறுக்கு என்ன வேணும்?"

டூலி ஒரு கணம் விழித்தான். "பத்து," என்றான் கம்பீரமாக. "பத்துதானே எட்டைவிடப் பெரிசு."

லொனியின் முகம் மலர்ந்தது. ஒரே வாரத்தில் இரண்டாவது அதிர்ஷ்டம் என்பதைப்போல். மூலைக்குப் போய், விறகைப்போல் சாய்த்து வைத்திருந்த பழைய குழல்களில் ஒன்றை உருவினான். கழற்றிய குழலை இந்தத் தொழிலில் யாரும் எறிவதில்லை. அடுத்த ஏமாளிக்காகக் காத்திருக்கும்.

"கடவுளே உங்களுக்குன்னு அனுப்பினது. இருபது அங்குலம், பத்து முறுக்கு. போன வாரம்தான் கழட்டினேன். கையால செஞ்ச சரக்கு. உங்களை மாதிரியே ரசனை உள்ள ஒருத்தரோடது. குண்டு சரியாப் போகலைன்னு அவசர அவசரமா வந்தாரு. நீளக் குண்டு போட்டா எட்டுதான் போகும்னு சொல்லி, இருந்த எட்டை அன்னிக்கே மாட்டிக் கொடுத்தேன்."

"யாரு அவரு?" என்றாள் ஹெஸ்டர், கதவருகிலிருந்து.

லொனி அவளைப் பார்த்தான். டூலியைப் பார்த்தான். கோட்டின் கை டூலிக்கு மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டதை இப்போதுதான் கவனித்தான்.

"பேரு ஞாபகம் இல்ல," என்றான்.

"ஒரு ஆள் செத்திருக்கான்."

"அதனாலதான் ஞாபகம் இல்ல. கோர்ட்டுக்கு இழுத்தா அங்கயும் ஞாபகம் இருக்காது. எனக்கு இங்க கடை நடத்தணும்மா."

ஹெஸ்டர் குழலை விலைக்கு வாங்கிக்கொண்டாள். ரசீதில் அவள் பெயர் மட்டும் இருந்தது; குழலைக் கழற்றிக் கொடுத்தவர் பெயர் இல்லை.

*

வென்ட் கிளம்பிக்கொண்டிருந்தார். துப்பாக்கிப் பெட்டியின் பூட்டை ஷெரீஃபே அழுத்திப் பிடித்து மூடிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஹெஸ்டர் மேஜைமேல் தோல் உறையை வைத்தாள். பக்கத்தில் குழலை வைத்தாள்.

"இந்த உறை இவரோடது. இதுல அந்தத் துப்பாக்கி போகாது. இந்தக் குழல் இருந்தா போகும். இருபது அங்குலம், பத்து முறுக்கு. கஸ் செத்த பிறகு லொனி ஸ்ட்ராட் கழட்டினது."

வென்ட் குழலைப் பார்த்தார். பார்வை அதன்மேல் தேவைக்கு மேல் ஒரு நொடி நின்றது. பிறகு சிரித்தார்.

"எனக்கு வீட்டுல வேற துப்பாக்கிங்க இருக்கு. உறை அதுல ஒண்ணுக்குச் செஞ்சது. முகாம்ல நான் துப்பாக்கியைத் தோள்லதான் மாட்டியிருந்தேன். இந்தக் குழலை நான் பார்த்ததே இல்ல."

"காலையில சேணத்துல, உறையிலன்னு சொன்னீங்க."

"வாய் தவறியிருக்கும்."

"லொனி என்ன சொல்றான்?" என்றார் ப்ராட்.

"பேரு ஞாபகம் இல்லையாம்," என்றான் டூலி.

"அப்ப உங்ககிட்ட இருக்கறது ஒரு இரும்புக் குழாய்." ஷெரீஃப் கதவைத் திறந்து பிடித்தார். "ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு மிஸ்டர் வென்ட்."

கூண்டுக் கம்பியை ஆர்வில்லின் இரண்டு கைகளும் பிடித்திருந்தன.

ஹெஸ்டர் அதைப் பார்த்தாள். பிறகு குழலைக் கையில் எடுத்து, உதட்டைப் பிதுக்கி, மேலும் கீழும் பார்த்தாள்.

"ஷெரீஃப் சொல்றது சரிதான்," என்றாள். "நான்தான் அவசரப்பட்டுட்டேன். இது இவரோடதா இருக்க முடியாது. மன்னிச்சுக்கங்க மிஸ்டர் வென்ட்."

வென்ட் வாசலில் நின்றார். தன்னிடம் யாராவது மன்னிப்புக் கேட்டால், நின்று ரசிக்காமல் போகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"நீங்க விஷயம் தெரிஞ்சவரு. இதை வாங்கினவன் வேற ரகம். மேக்னத்துக்கு இருபது அங்குலம்! எவனோ கடையில மலிவாக் கிடந்ததைத் தூக்கிட்டுப் போயிருக்கான்."

"கம்ப்யூட்டர்ல நாலு வரி படிச்சிருப்பான் பாஸ்," என்றான் டூலி. அவனுக்குப் புரிந்துவிட்டது. "படிச்சதும் பாதிதான். மீதியைப் படிக்கறதுக்குள்ள வீட்டுல சாப்பிடக் கூப்பிட்டிருப்பாங்க."

"முறுக்கைப் பாரு. நீளச் செம்புக் குண்டு வாங்கிட்டு, பத்து முறுக்குல சுட்டிருக்கான். ரெண்டும் சேராதுன்னு மான் வேட்டைக்கு வர்ற பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"காரு வாங்கத் தெரியாதவன் சக்கரம் வாங்கின மாதிரி."

"குழலைப் பாரு, வேலைப்பாடும் மட்டம். தள்ளுபடிச் சரக்கு."

"தள்ளுபடியா?" என்றார் வென்ட்.

குரல் மெதுவாகத்தான் வந்தது. கழுத்து சிவந்திருந்தது.

"தள்ளுபடிகூட இல்ல," என்றாள் ஹெஸ்டர். "ஓசியாக் கொடுத்திருப்பாங்க."

"ஓசியா? எட்டு மாசம் காத்திருந்து வாங்கினேன்! கையால செதுக்கினது! அந்த ஆளு வருஷத்துக்குக் கொஞ்சம்தான் செய்வான், கேட்டவனுக்கெல்லாம் கொடுக்க மாட்டான். இருபதுன்னு சொன்னது நான். ஏன்னா குதிரையில வாகா இருக்கும். பத்துன்னு சொன்னதும் நான்தான். பத்துதான் காலங்காலமா எல்லாரும் போடறது. உங்களுக்கு என்ன தெரியும்? ஒரு..."

நிறுத்தினார்.

ஷெரீஃப் கதவை இன்னும் திறந்து பிடித்திருந்தார். மெதுவாக மூடினார். தன் கண்ணெதிரில் நடந்ததை இல்லையென்று சொல்ல அவருக்குக்கூட வழி தெரியவில்லை.

"உக்காருங்க மிஸ்டர் வென்ட்," என்றார்.

வென்ட் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"நான் மானைத்தான் குறி வச்சேன்," என்றார். "சத்தியமா. அவன் குறிக்கு ரொம்பத் தள்ளிப் போய்க்கிட்டிருந்தான். குண்டு எப்படி அங்க போச்சுன்னு எனக்கே தெரியல. அது விபத்து."

"தெரியும்," என்றாள் ஹெஸ்டர். "அன்னிக்கே சொல்லியிருந்தா விபத்துதான். நீங்க மலையை விட்டு இறங்கி, ஓடிப்போய்க் குழலை மாத்துனீங்க. இன்னொருத்தன் கூண்டுக்குள்ள உக்காந்திருக்கறதைப் பார்த்துட்டு, ஊருக்கு டிக்கெட் போட்டீங்க. அது விபத்து இல்ல."

வென்ட் நிமிர்ந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று ஷெரீஃப் பேனாவை எடுத்தார்.

"நிஜமாவே பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமா?" என்று கேட்டார் வென்ட்.

ஷெரீஃப் பேனாவைக் கீழே வைத்தார்.

ப்ராட் கூண்டைத் திறந்தார். மன்னிப்புக் கேட்பது அவர் வேலையில் சேர்ந்ததில்லை. ஆர்வில்லின் பெல்ட்டையும் பணப்பையையும் மேஜையில் வைத்தார். பழைய துப்பாக்கியையும் வைத்தார். ஆர்வில் பெல்ட்டை மட்டும் எடுத்துக் கட்டிக்கொண்டான்.

"கஸ் எங்க இருக்கான்?" என்றான். "அடக்கம் பண்ணியாச்சா?"

"இல்ல. ஆஸ்பத்திரிச் சவக்கிடங்குல. யாரும் கேட்டு வரல."

"நான் கேக்கறேன்."

"உறவுக்காரங்ககிட்டதான் ஒப்படைக்கணும்," என்றார் ப்ராட். சட்டம் திடீரென்று ஞாபகம் வந்திருந்தது. "நீ என்ன உறவு?"

"பதினோரு சீசன் அவன் கட்டுன முடிச்சுல என் சாமான் ஏறியிருக்கு. ஒரு முடிச்சும் சரியா கட்டுனதில்ல. இந்த ஊர்ல அவனைத் திட்டறதுக்கு என்னைத் தவிர யாரு இருந்தா?"

ஷெரீஃப் வாயைத் திறந்தார். ஹெஸ்டர் அவரைப் பார்த்தாள். வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, அவர் தொலைபேசியை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினார்.

வெளியே பனி தூவ ஆரம்பித்திருந்தது. ஹெஸ்டர் ஆஸ்பத்திரியை நோக்கிக் காரைக் கிளப்பினாள். டூலி முன்சீட்டை ஆர்வில்லுக்கு விட்டுவிட்டுப் பின்னால் ஏறி, வழியெல்லாம் ஒரு ஜோக்கும் அடிக்காமல் வந்தான்.